பில் சர்வருக்கு மட்டும் உள்முகவரி: அன்பவுண்ட் ரிசால்வர், நீண்டநாள் பயன்பாட்டில்

பில் போடும் சர்வர் அடுத்த அறையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ கேபிள் அறுந்து இன்டர்நெட் லைன் போனால், எடைமேடைக் கணினியில் பில் திரை வராது. மண்டபம் முதல் தொண்டி வரை கடலோர மீன் கம்பெனிகளுக்கு இது பழகிய தலைவலி. 'பில்.எக்ஸாம்பிள்.காம்' எங்கே என்று வெளியே உள்ள டிஎன்எஸ்ஸைக் (பெயருக்கு ஐபி எண் சொல்லும் சேவை) கேட்டுத்தான் அந்தக் கணினி அடுத்த அறைக்கே போகிறது. லைன் இல்லையென்றால் வழி சொல்ல ஆளில்லை. லைன் இருந்தாலும் கிடைப்பது பொது ஐபி, அதாவது வெளியுலகுக்குத் தெரியும் முகவரி. உள்ளிருந்து அந்த ஐபிக்குப் போய் மறுபடி உள்ளே வருவதைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை.

அந்த ஒரு பெயருக்கு மட்டும் ஆபீசுக்குள் இருக்கும் ரிசால்வரே (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் மென்பொருள்) 192.168.10.5 என்ற உள்முகவரியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாப் பெயர்களும் வழக்கம்போல் வெளியே போகட்டும். இதற்கு அன்பவுண்ட் என்ற ரிசால்வர் போதும். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி ஒன்றில் சிரமமில்லாமல் ஓடும்.

அமைக்கும்போது எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'எக்ஸாம்பிள்.காம்' முழுவதையும் லோக்கல்-ஜோன் (அன்பவுண்டே பதில் சொல்லும் பகுதி) ஆக்கி 'ஸ்டாட்டிக்' என்று போட்டுவிடுவார்கள். பில் திரை உடனே வரும். ஆனால் மெயில், இணையதளம் என்று அந்த டொமைனில் நீங்கள் எழுதாத பெயர் எல்லாமே 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்றாகிவிடும். 'ரீடைரக்ட்' போட்டால் இன்னும் மோசம்: மெயிலைத் தேடுபவரும் பில் சர்வரில் வந்து நிற்பார். எனவே ஜோனைத் தொடாதீர்கள், பெயரை மட்டும் தொடுங்கள். அன்பவுண்டின் அமைப்புக் கோப்பில் லோக்கல்-டேட்டா வரியில் முழுப் பெயர், 300, ஐஎன், ஏ (ஐபிவி4 முகவரி என்ற ரெக்கார்டு வகை), ஐபி, அவ்வளவுதான். ஜோன் வகை எதுவும் எழுதாவிட்டால் அன்பவுண்ட் தானாகவே 'டிரான்ஸ்பரன்ட்' (எழுதிய பெயருக்கு உள்ளே பதில், மற்றவை வெளியே) என்று எடுத்துக்கொள்ளும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

'டைப்டிரான்ஸ்பரன்ட்' வேண்டாம். அதில் அதே பெயருக்கு நீங்கள் எழுதாத ரெக்கார்டு வகைகள் வெளியே கேட்கப்படும். வெளியே ஐபிவி6 முகவரியோ 'எச்டிடிபிஎஸ்' வகை ரெக்கார்டோ (எண் 65) இருந்தால், பிரவுசர் அதைப் பிடித்துக்கொண்டு பொது ஐபிக்கே போய்விடும். ஒரு போனில் வரும், இன்னொன்றில் வராது என்ற புகார்களில் இதையும் ஒருமுறை பாருங்கள். அன்பவுண்டுக்குப் பதில் டிஎன்எஸ்மாஸ்க் பயன்படுத்துவோரும் பெயரை மட்டும்தான் தொட வேண்டும்: அதன் 'அட்ரஸ்' வரி துணைப்பெயர்களையும் சேர்த்து விழுங்கும், ஒரே பெயருக்கு 'ஹோஸ்ட்-ரெக்கார்டு' வரிதான் சரி.

அந்த 300 என்பது பதிலைக் கணினி நினைவில் வைத்திருக்கும் நொடிக் கணக்கு. எழுதாமல் விட்டால் அன்பவுண்ட் 3600 என்று எடுத்துக்கொள்ளும். ஆபீசில் திறந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போய் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால், சில கணினிகள் பழைய உள்முகவரியையே ஒரு மணி நேரம் வரை தட்டிக்கொண்டிருக்கும். 300 என்றால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

எல்லாம் சரியாக எழுதியும் விட்டுவிட்டு வேலை செய்தால், முதலில் டிஎச்சிபியை (கணினிகளுக்கு ஐபியும் டிஎன்எஸ் முகவரியும் தானாகக் கொடுப்பது) பாருங்கள். இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 இருக்கும். இரண்டாவது என்றால் அவசரத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். கணினிகள் அப்படி நினைப்பதில்லை. முதலாவது ஒருமுறை தாமதித்தாலும் இரண்டாவதிடம் போய்விடும், அங்கே நம் உள்முகவரி கிடையாது. இரண்டு டிஎன்எஸ் தருவதென்றால் இரண்டுமே உள்ளே, ஒரே லோக்கல்-டேட்டாவோடு இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு சர்வர் பெயர் பதிந்திருந்தால் அது பெரும்பாலும் 853 போர்ட் வழியாக நம் ரிசால்வரைத் தாண்டிப் போகும். எடைமேடைக்கும் குடோனுக்கும் கொடுத்த போன்களில் அதை அணைத்து வையுங்கள்.

இந்தக் கரையில் அன்பவுண்டை அதிகம் சோதிப்பது கரண்ட். ராஸ்பெரி பை 4-இல் பேட்டரி கடிகாரம் இல்லை. நீண்ட மின்வெட்டுக்குப் பின் எழும்போது அதன் நேரம் பின்தங்கியிருக்கும். நேரம் தவறினால் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் (பதில் உண்மையானதா என்று சோதிக்க உதவுபவை) செல்லாதவையாகத் தெரியும், வெளிப்பெயர்கள் கிடைக்காது. நேரத்தைச் சரிசெய்யும் சர்வரின் பெயரும் அந்த வெளிப்பெயர்களில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் செருகிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. லோக்கல்-டேட்டா பதில்களுக்கு டிஎன்எஸ்செக் சோதனை இல்லை என்பதால், அந்த நிலையிலும் பில் திரை மட்டும் வரும். பலர் குழம்புவது இதனால்தான். கூடவே, உப்புக்காற்றில் அடாப்டர் முனையும் நெட்வொர்க் கேபிள் முனையும் பச்சை பூக்கும். ரிசால்வரைக் குறை சொல்லும் முன் அவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

லைன் அடிக்கடி போகிற ஊரில் 'சர்வ்-எக்ஸ்பயர்டு' வசதியையும் இயக்கி, அதன் கால வரம்பை 86400 என்று வையுங்கள். காலாவதியான பதிலை ஒரு நாள் வரை வைத்திருந்து கொடுக்கும். ஆனால் லைன் இல்லாத நேரத்தில் அன்பவுண்டை ரீலோட் செய்யக் கூடாது. சேமித்து வைத்த பதில்கள் (கேச்) மொத்தமும் காலியாகிவிடும். ஒரு பெயரை உடனே சேர்க்க வேண்டுமானால் 'அன்பவுண்ட்-கன்ட்ரோல்' மூலம் லோக்கல்-டேட்டா கட்டளையைக் கொடுங்கள். மறுதொடக்கத்தில் அது மறைந்துவிடும் என்பதால் கோப்பிலும் எழுதி, பிழை உண்டா என்று 'அன்பவுண்ட்-செக்கான்ஃப்' ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பிறருடைய டொமைன்களை நம் சர்வருக்குத் திருப்பும் ஆசை வேண்டாம். தளத்தின் அடையாளம் காட்டும் சான்றிதழ் பொருந்தாது, பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும், ஊழியர்கள் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம் வங்கித் தளத்தில் வந்து நிற்கும். ஒரு பெயரைத் தடுக்கத்தான் வேண்டுமென்றால் 'ஆல்வேஸ்_என்எக்ஸ்டொமைன்' என்ற ஜோன் வகை போதும். நம் சொந்தப் பெயருக்கும் உள் சர்வரில் முறையான சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் சேவையில் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பைத் தேர்ந்தால், சர்வரை வெளியே திறக்காமலே வாங்கலாம்.

ஆண்டுக்கணக்கில் ஓடும்போது கெட்டுப்போவது அன்பவுண்ட் அல்ல, லோக்கல்-டேட்டா பட்டியல்தான். சர்வரின் ஐபி மாறியிருக்கும், வரி மாறியிருக்காது. ஒவ்வொரு வரிக்கும் மேலே, யாருக்காக, எந்தத் தேதியில் சேர்த்தது என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆபீஸ் சற்று ஓய்ந்திருக்கும். அப்போது ஒரு காலையில் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினிகளை அணைத்துப் போட்டு, எடைமேடையில் ஒரு சோதனை பில் அடித்துப் பாருங்கள்.