சுண்ணாம்புத் தண்ணீரா, இரட்டைக் கரைசலா? பவளத் தொட்டிக்கு எது ஒத்துவரும்

வீட்டில் வைக்கும் கடல்நீர்த் தொட்டியில் கல் பவளம் (சுண்ணாம்புக் கூடு கட்டும் பவளம்) வளர வளர தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். கார்பனேட்டின் அளவைக் காட்டுவது காரத்தன்மை, அதன் அலகு டி.கே.ஹெச். அது 1 டி.கே.ஹெச். குறைந்தால் கால்சியம் சுமார் 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையும். கடல்நீரில் கால்சியம் 410 பி.பி.எம். வரை இருப்பதால் அந்த இழப்பு சட்டென்று தெரியாது. காரத்தன்மையோ மொத்தமே 7 டி.கே.ஹெச். என்பதால் ஓரிரு நாளிலேயே குட்டு உடைந்துவிடும். அதனால் முதலில் காரத்தன்மையை அளக்க வேண்டும். எதையும் சேர்க்காமல் மூன்று நாள் விட்டு, முதல் நாளும் கடைசி நாளும் ஒரே மணிக்கு அளந்து, குறைந்ததை மூன்றால் வகுத்தால் அன்றாடச் செலவு கிடைக்கும். கடைக்காரரிடம் போவதற்கு முன் இந்த எண் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் மாற்றியே ஈடுகட்டலாம் என்பது மென் பவளம் மட்டும் உள்ள தொட்டிக்குத்தான் சரி. காரத்தன்மை 6 டி.கே.ஹெச்.சுக்கு இறங்கிய தொட்டியில் 10 சதவீதத்தை எடுத்துவிட்டு 8 உள்ள புதுத் தண்ணீரை ஊற்றினால் 6.2 ஆகும், அவ்வளவுதான். கல் பவளம் அதை ஒரே நாளில் தின்றுவிடும்.

அடுத்தது சுண்ணாம்புத் தண்ணீர். ஒரு லிட்டர் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் (கரைந்த உப்புகள் நீக்கி வடிகட்டியது) 2 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு போட்டுக் கலக்கி, மூடிவைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். கரைவது 1.5 கிராம் அளவே; மிச்சம் அடியில் தங்கும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஏடு கட்டும், வீரியமும் போகும். வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததால் தொட்டிக்கு வேண்டாம்.

இந்தத் தெளிநீர் ஒரு லிட்டர், 100 லிட்டர் தொட்டியில் காரத்தன்மையை 1.1 டி.கே.ஹெச்., கால்சியத்தை 8 பி.பி.எம். கூட்டும். இரண்டும் பவளம் எடுக்கும் விகிதத்திலேயே சேரும், உப்பும் மிஞ்சாது. கதவடைத்த ஏசி அறையில் பி.ஹெச். 7.8-லேயே நிற்கும் தொட்டிக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஆவியாகும் அளவுக்கு மேல் ஊற்ற முடியாது. 200 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியானால் உச்சவரம்பு 1.1 டி.கே.ஹெச். மழைக்காலத்தில் ஆவியாதல் குறையும். பவளத்தின் பசி குறையாது.

பெரிய ஆபத்து, தானாக நீர் நிரப்பும் மிதவை சுவிட்ச் சிக்கிக்கொள்வது. இந்த நீரின் பி.ஹெச். 12.4. ஒரே மூச்சில் கொட்டினால் தொட்டி பால்போல் வெளுக்கும். அதனால் நிரப்பும் வாளியில் ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள், இரவில் சொட்டவிடுங்கள்.

அன்றாடச் செலவு அந்த வரம்பைத் தாண்டினால் இரட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 95 கிராம் சோடியம் கார்பனேட் ஒரு புட்டியில். 130 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் இன்னொன்றில். 100 லிட்டர் தொட்டிக்கு இரண்டிலும் 20 மில்லி விட்டால் 1 டி.கே.ஹெச்.சும் அதற்கேற்ற கால்சியமும் கூடும். அளவு நம் கையில், ஆவியாதலோடு சம்பந்தமில்லை.

பெயர்க் குழப்பம்தான் இதில் பலரைக் கவிழ்க்கிறது. படிகமாக வரும் சலவைச் சோடாவும் சோடியம் கார்பனேட்தான், ஆனால் அதில் நீர் சேர்ந்திருப்பதால் எடை 2.7 மடங்கு வேண்டும். சமையல் சோடாவை 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் கார்பனேட் ஆகும்; 100 கிராம் 63 கிராமாக இறங்கும். பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் இருப்பதால் அதைத் தொடவே கூடாது. கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் திறந்து வைத்த பொட்டலத்தை அடுத்த மாதம் நிறுத்தால் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். வாங்கியதும் மொத்தத்தையும் கரைத்துவிடுவது மேல். கரையும்போது சூடாகும், கண்ணாடிப் புட்டி வேண்டாம்.

இரண்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து வீணாகும். அரை மணி இடைவெளி விட்டு, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சேர்க்கவும். பவளம் எடுத்தது போக மிஞ்சுவது சாப்பாட்டு உப்பு. தினம் 1 டி.கே.ஹெச். சேர்த்தால் ஒரு மாதத்தில் 100 லிட்டருக்கு 63 கிராம் உப்பு சேர்ந்து, உப்புத்தன்மை 35-லிருந்து 35.6 ஆகும். மாதாமாதம் தண்ணீர் மாற்றாதவர்களுக்கு இது மெல்ல ஏறும் கடன்.

பவளத் துண்டுகளைக் கரைத்துத் தொட்டிக்குத் தரும் கருவியான கால்சியம் ரியாக்டர் பெரிய தொட்டிக்கான சங்கதி. கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், உள்ளே பி.ஹெச். 6.5 வாக்கில் கரையும் பவளத் துண்டுகள். உப்பு ஏறாது, ஆனால் தொட்டியின் பி.ஹெச். இறங்கும். துண்டுகள் ராமேசுவரம் கரையில் கிடக்கிறதே என்று பொறுக்கி வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளம் இருக்கிறது. செத்ததும் அதில் அடக்கம்.

எவ்வளவு ஊற்றியும் காரத்தன்மை நிற்காமல், ஹீட்டரிலும் பம்ப்பிலும் வெள்ளைப் படிவு கட்டினால் மெக்னீசியம் குறைந்திருக்கலாம், அதை அளந்து பாருங்கள். 1200 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால், 100 லிட்டருக்கு 8.4 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 10 பி.பி.எம். ஏற்றும். 1300 வரும்வரை சில நாள் பிரித்துச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு மூன்று நாள் கணக்கை மறுபடி எடுங்கள்.