கோலாலம்பூர் ஈரத்தில் பாராசூட் செட்: ஐந்தாறு வருடம் ஓட்டிய பிறகு

புது செட் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை ஜம்ப் தாங்கும்?" என்றுதான். கோலாலம்பூரில் இருப்பவருக்கு அது தப்பான கேள்வி. இங்கிருந்து குதிக்கப் போகிறவர்களில் பலருக்கு மாதத்தில் ஒரு வார இறுதி கிடைத்தாலே பெரிய விஷயம். பட்டாயாவுக்குப் போய் இரண்டு நாளில் பத்து ஜம்ப் போட்டுவிட்டு வந்தால், அடுத்த டிக்கெட் போடும் வரை செட் கொண்டோ அலமாரியில்தான் தூங்கும். வருடத்தில் 300 நாளுக்கு மேல் சும்மாவே கிடக்கும். கெட்டுப்போவதும் அந்த நாட்களில்தான். அதனால் பராமரிப்பைக் காலண்டரை வைத்துத்தான் கணக்குப் பண்ண வேண்டும், ஜம்ப் புத்தகத்தை வைத்து அல்ல.

பேசப்போவது ஒரு சாதாரண ஸ்போர்ட் செட்டைப் பற்றி: ஜீரோ போரோசிட்டி (காற்றுப் புகாத) நைலானில் 190 சதுர அடி மெயின் (முதன்மைப் பாராசூட்), மைக்ரோலைன் கயிறுகள், சதுர ரிசர்வ் (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்), சைப்ரஸ் 2 ஏஏடி (குதிப்பவர் திறக்காவிட்டால் ரிசர்வைத் தானே திறக்கும் கருவி), இவை எல்லாம் அடங்கும் முதுகுப்பையான கன்டெய்னர், அதை உடம்போடு கட்டும் ஹார்னெஸ். மொத்தம் 11 கிலோ பக்கம் வரும்.

அலமாரியில் நடப்பது

நைலானைப் பூஞ்சை தின்றுவிடாது. கறை பிடிக்கும், நாறும், அவ்வளவுதான். உண்மையான தொல்லை உலோகத்தில். கேட்மியம் பூசிய வளையங்களும் பக்கிள்களும் முதலில் மங்கும், பிறகு பூச்சு தேய்ந்த ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழும். துரு பிடித்த உலோகம் பக்கத்து நைலானையும் கெடுக்கும், சொரசொரப்பான ஓரம் நாடாவை அராவும். கூடுதல் காசு கொடுத்தாலும் பரவாயில்லை, இந்த ஊருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். நிறத்துக்கும் பெயர் பொறிப்பதற்கும் செலவழிப்பதை இதில் போடலாம்.

அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பலர் செட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். அதன் கீழ்ப் பையில் சேர்வதை வெறும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது, அது கால்சியம் குளோரைடு கரைசல். பை கிழிந்து நாடாவில் சொட்டினால் எளிதில் காயாது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உலோகத்தையும் அரிக்கும். அந்தப் பொட்டலம் வேண்டுமென்றால் வேறு தட்டில், செட்டுக்குக் கீழே வையுங்கள். கேமரா வைக்கும் மின்சார உலர் பெட்டியில் பெரிய அளவு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் போதும். இரண்டுக்கும் வழியில்லையா? ஏசி ஓடும் அறையில், சுவரை ஒட்டாமல், வெயில் படாத இடத்தில், ஜிப் பாதி திறந்த பையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். வியர்வையில் நனைந்த செட்டை மட்டும் அன்றைக்கே மூட்டை கட்டாதீர்கள். மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு கிடக்கட்டும்.

கார் பூட்டில் விட்டுவைப்பது மூன்று வகையில் கேடு. ஒன்று சூடு. சைப்ரஸின் இயங்கு வரம்பு 63 பாகை செல்சியஸ். மத்தியானம் திறந்தவெளியில் நிற்கும் காருக்குள் அதை நெருங்குவது சுலபம். இரண்டு, கயிறு கட்டும் ரப்பர் பேண்டுகள் பிசுபிசுத்து உயிர் விட்டுவிடும். மூன்று, பூட்டில் ஏற்கெனவே என்னென்ன சிந்தியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பேட்டரி அமிலம் ஒரு துளி பட்ட நைலானை நம்பிக் குதிக்க முடியாது.

கொசு மருந்தும் இந்த வகைதான். டீட் கலந்த ஸ்பிரே ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியையும் உயரம் காட்டும் அல்டிமீட்டரின் பிளாஸ்டிக் முகப்பையும் கரைத்து மங்கலாக்கிவிடும். அடித்துக்கொண்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பொருளைத் தொட வேண்டும்.

த்ரீ ரிங்: மாதத்தில் 20 நிமிடம்

செட்டில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் கவனிக்க நேரம் இருக்கிறது என்றால், அது இதுதான். கோளாறான மெயினைக் கழற்றிவிடுவது இந்த மூன்று வளையங்களின் வேலை. பெரிய வளையம் ஹார்னெஸில், நடு வளையமும் சின்ன வளையமும் ரைசரில் (மெயின் கயிறுகளை ஹார்னெஸோடு இணைக்கும் நாடா). சின்னதன் மேல் ஒரு வெள்ளை நூல் வளையம், அதற்குள் மஞ்சள் கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் போல வேலை செய்து விசையைக் குறைத்துக்கொண்டே போவதால், உங்கள் எடை முழுவதும் தொங்கினாலும் கேபிளில் சிறிய இழுப்பே போதும். போதும் என்பது கேபிள் சுத்தமாக இருக்கும் வரைதான்.

இங்கே ஒரு மாதம் தொடாமல் விட்ட கேபிளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டும். தூசி, வியர்வை உப்பு, பழைய எண்ணெய் எல்லாம் சேர்ந்த பசை அது. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் பாராசூட்டில் தொங்குகிறவருக்கு அந்தப் பசை கூட்டும் இழுவிசை விளையாட்டல்ல. ரைசர் நாடாவும் மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் விறைத்துப்போகும். கட்அவே கைப்பிடியை (மஞ்சள் கேபிளை உருவி மெயினைக் கழற்றிவிடும் பிடி) இழுத்த பிறகும் வளையங்கள் உடனே புரளாமல் தயங்க அதுவே காரணமாகிவிடலாம்.

வேலை இதுதான். மெயின் பேக் செய்யாத நிலையில் கட்அவே கைப்பிடியை முழுவதும் உருவி எடுங்கள். நூல் உதிராத துணியில், உங்கள் கன்டெய்னர் கையேடு சொல்லும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுத் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், தூசியைத்தான் சேர்க்கும். கேபிள் நுனியில் வெடிப்போ முறுக்கோ இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வளையங்களைப் பிரித்து, ரைசர் நாடாவை எல்லாப் பக்கமும் முறுக்கி வளைத்து இளக்குங்கள். வெள்ளை நூல் வளையத்தில் பிசிறு இருந்தால் ரிக்கரிடம் (பாராசூட் மடிக்கவும் பழுது பார்க்கவும் உரிமம் பெற்றவர்) போகட்டும்.

திரும்பப் பூட்டும்போது நடு வளையம் பெரியதன் வழியாக மட்டும், சின்னது நடுவளையத்தின் வழியாக மட்டும், நூல் சின்னதன் வழியாக மட்டும் போக வேண்டும். நூல் இரண்டு வளையங்களைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் நெம்புகோல் கணக்கே கெட்டுவிடும். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும், அதுதான் ஆபத்து. முடித்ததும் இன்னொருவர் கண்ணில் காட்டாமல் ஏறக் கூடாது.

தேயும் சின்னச் சாமான்கள்

மெயின் பேக்கை மூடிப் பிடிக்கும் லூப் (சின்ன நூல் வளையம்) பற்றி வாராவாரம் காதில் விழும் கேள்வி: "அண்ணே, லூப் கொஞ்சம் பிசிறா இருக்கு, இன்னைக்கு ஒரு நாள் தாங்குமில்ல?" தாங்கலாம். தாங்காவிட்டால் விமானத்துக்குள்ளேயோ கதவருகிலோ பேக் திறந்து, பாராசூட் விமானத்தின் வாலில் போய் மாட்டும். ஒரு லூப்பின் விலை ஒரு தே தாரிக் காசுதான். பையில் ஐந்து வைத்திருங்கள், பிசிறு தெரிந்த அன்றே மாற்றுங்கள். நீளமும் முக்கியம். லூப்புக்குள் போகும் பின் (ஊசி) தளதளவென்று ஆடினால் லூப் நீளம் அதிகம் என்று அர்த்தம்.

ரப்பர் பேண்டை இந்த ஊரில் ஜம்ப் கணக்கில் மாற்றினால் போதாது. மூன்று மாதமாகப் பையில் கிடந்தவற்றை மொத்தமாகக் கழற்றி வீசிவிடலாம். அறுந்துபோகிறதே என்று தடியான பேண்டைப் போடுகிறவர்கள் உண்டு. அந்த பேண்ட் அறுவதற்காகவே இருப்பது. அறாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டால், மெயினை மடித்து வைத்த உள்பை திறக்காது.

பைலட் சூட்டின் (மெயினை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்) நடுவில் ஓடும் கில் லைன் (வேலை முடிந்ததும் அதை மடக்கிவிடும் கயிறு) காலப்போக்கில் சுருங்கும். சுருங்கினால் பைலட் சூட் முழுதாக விரியாது, இழுத்த பிறகு ஒரு தயக்கம் வரும். "இன்று திறக்க நேரமெடுத்தது" என்று இரண்டு தடவை தோன்றினால் பேக்கிங்கைக் குறை சொல்வதற்கு முன் இதை அளந்து பாருங்கள். பேக் செய்யும்போது பிரைடிலில் (பைலட் சூட்டை மெயினோடு இணைக்கும் நாடா) உள்ள சின்ன ஜன்னலில் கில் லைனின் நிறம் தெரிந்தால்தான் பைலட் சூட் தயார்.

மைக்ரோலைன் வெப்பத்தில் சுருங்கும் கயிறு ரகம். ஸ்லைடர் (பாராசூட் மெதுவாக விரியும்படி கயிறுகள் வழியே இறங்கும் துணி) இறங்கும்போது அதன் வளையங்கள் வெளிப்பக்கக் கயிறுகளில் உரசுவதால் அவைதான் முதலில் குட்டையாகும். பிரேக் கயிறு குட்டையானால், பிரேக் கைப்பிடியைத் தொடாமலே பாராசூட் பிரேக் பிடித்தபடி பறக்கும், இறங்கும்போது ஃபிளேர் (தரையைத் தொடும் முன் பிரேக்கை இழுத்து வேகத்தைக் குறைப்பது) செத்ததுபோல இருக்கும். வேறு கயிறு ரகங்களான வெக்ட்ரானும் எச்எம்ஏவும் சுருங்காது. ஆனால் வெக்ட்ரானுக்கு வெயில் ஆகாது, எச்எம்ஏ பார்க்க நன்றாக இருந்தபடியே அறுந்துவிடும். மாதத்தில் ஒரு தடவை குதிப்பவருக்கு எங்கள் ஓட்டு மைக்ரோலைனுக்கே. தேய்வது கண்ணுக்குத் தெரிகிறது.

சைப்ரஸ்

இந்த செட்டில் நேரம் தின்னாத பொருள் இது. ஆன் செய்யப் பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கு மினுங்கிய உடனே விரல் நுனியால் மறுபடி அழுத்த வேண்டும், முதல் அழுத்தத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு. பிறகு 10 முதல் 0 வரை எண்ணும். இடையில் வேறு எண்ணில் நின்றால் அன்று குதிப்பு இல்லை. 14 மணி நேரத்தில் தானே அணைந்துவிடும்.

தவறு நடப்பது அதை எங்கே ஆன் செய்து போடுகிறோம் என்பதில். விடியற்காலை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கம் வேண்டாம். கருவி தன் தரைமட்டத்தைப் போட்ட இடத்துக் காற்றழுத்தத்திலிருந்து எடுக்கிறது. குதிக்கும் இடத்துத் தரையில் போட வேண்டும். வேறெங்கோ இறங்கி வண்டியில் திரும்பி வந்தாலும் அணைத்து மறுபடி போட வேண்டும்.

எக்ஸ்பர்ட் மாடல் வேலை செய்வது நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகத்தில், சுமார் 225 மீட்டர் உயரத்தில். அரைகுறையாகத் திறந்த மெயினில் மெதுவாக இறங்கினால் அது பேசாமல் இருக்கும். தாழ்வில் கட்அவே செய்தால் அந்த வேகம் வரும் முன்பே தரை வந்துவிடலாம். அதற்குத்தான் ஆர்எஸ்எல் நாடா, மெயின் பிரிந்து போகும்போதே ரிசர்வ் பின்னை இழுத்துவிடும். கேஎல் டவரிலிருந்து குதிப்பவர்களைப் பார்த்து "அவர்களுக்கும் இதேதானா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அது பேஸ் ஜம்ப் (விமானத்திலிருந்து அல்லாமல் கட்டடம் போன்ற நிலையான இடத்திலிருந்து குதிப்பது), சுமார் 300 மீட்டரிலிருந்து ஒற்றைப் பாராசூட். இங்கே சொன்ன கணக்கு எதுவும் அங்கே செல்லாது.

ஆளுக்கும் காலாவதி உண்டு

ரிசர்வை ரிக்கர் பிரித்து மடிக்க வேண்டிய கெடு அமெரிக்க விதிப்படி 180 நாள், சில நாடுகளில் 12 மாதம். எந்த நாட்டில் குதிக்கிறீர்களோ அந்தக் கணக்கு. டிக்கெட் போடும் முன் ரிசர்வ் அட்டையில் தேதியைப் பாருங்கள். அங்கே போய்ப் பார்த்தால் வாடகை செட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு உங்களுடையதைக் கூடாரத்தில் வைத்திருப்பீர்கள்.

குதிப்பவருக்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏவின் பரிந்துரைப்படி ஏ உரிமம் உள்ளவர் 60 நாள், பி 90 நாள், சி, டி ஆறு மாதம் குதிக்காமல் இருந்தால் திரும்பப் பயிற்சி எடுக்க வேண்டும். நோன்புப் பெருநாளுக்குக் குதித்தவர் தீபாவளிக்குத்தான் மறுபடி போகிறார் என்றால், 25 ஜம்ப்புடன் ஏ உரிமம் வாங்கியவருக்கு அது நீண்ட இடைவெளி. நடுவில் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: செட்டை மாட்டிக்கொண்டு, மாதம் இரண்டு தடவை, கட்அவே கைப்பிடியைப் பார், பிடி, ரிசர்வ் கைப்பிடியைப் பார், பிடி, வரிசையாக இழு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாவனை செய்வது. கட்அவே செய்வதா என்று முடிவெடுக்கும் உயரம் மாணவருக்கும் ஏ உரிமத்துக்கும் 2,500 அடி, மற்றவர்களுக்கு 1,800 அடி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறக்கைச் சுமையை (பாராசூட்டின் ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு) எடைபோட்டுக் கணக்கிடுங்கள். ஆள், உடை, செட் எல்லாம் சேர்த்து 86 கிலோ என்றால் 190 பவுண்டு. 190 சதுர அடிக்கு விகிதம் 1.0. பண்டிகைக்குப் பிறகு ஐந்து கிலோ ஏறினால் விகிதமும் ஏறும். 33 பாகை வெயிலில் கடல்மட்டத் திடலும் 2,000 அடி உயரத்துத் திடல்போல நடந்துகொள்ளும், இறங்கும் வேகம் சற்றுக் கூடும். குளிர்நாட்டில் பழகியவர்கள் முதல் இறக்கத்தில் ஃபிளேரைத் தாமதமாகப் பிடிப்பது இதனால்தான். மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடி மேகம் கட்டும். மேகம் தொலைவில் நின்றாலும் அதன் காற்று திடலில் திசையை மாற்றிவிடும். காலை லோடுகளோடு (குதிப்பவர்களை ஏற்றிக்கொண்டு விமானம் போகும் சுற்றுகள்) முடித்துக்கொள்வது நல்லது.

ஏறும் முன் மூன்று மூன்றாகப் பாருங்கள்: த்ரீ ரிங் இரு பக்கமும், மார்பு நாடாவும் இரண்டு கால் நாடாவும், மெயின், கட்அவே, ரிசர்வ் என மூன்று கைப்பிடிகள். மாட்டும் முன், விமானத்தில் ஏறும் முன், கதவு திறக்கும் முன்.

விமான நிலையத்தில்

பல மலிவு விமானங்களின் கைப்பை வரம்பு 7 கிலோ, செட் 11 கிலோ. கையில் கொண்டுபோக வேண்டும் என்றால் கூடுதல் எடையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. லக்கேஜில் போடுவதென்றால் கைப்பிடிகள் உள்பக்கம் பார்க்கும்படி, கடினமான பெட்டியில், ஹெல்மெட்டை முதுகுப் பக்கம் வைத்து அடைக்கலாம். சைப்ரஸோடு வரும் எக்ஸ்ரே அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திறந்து காட்டச் சொன்னால் மெயினை மட்டும் திறந்து காட்டுங்கள். ரிசர்வ் கைப்பிடியை அதிகாரி தொடுவதற்கு முன்பே அது என்ன என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு மேசையில் ரிசர்வ் திறந்துகொண்டால், அதை மறுபடி மடிக்க ரிக்கர் வர வேண்டும். அந்தப் பயணத்துக்குக் குதிப்பும் போய்விடும்.