உலக மக்கள் மன்றம்: ஆளனுப்பும் அவையா, தேர்ந்தெடுத்த அவையா?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் தலைக்கு ஒரு வாக்கு. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் பசிபிக் தீவு நாடான துவாலுவின் வாக்குக்கும் 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவின் வாக்குக்கும் அங்கே ஒரே மதிப்பு. அந்த வாக்கை அளிப்பவரோ அரசு அனுப்பிய தூதர், மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர். இக்குறையைப் போக்க ஐ.நா.வில் மக்களுக்கென ஓர் அவை வேண்டும் என்போர் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். நாடாளுமன்றங்கள் தம் உறுப்பினர்களை அனுப்பி அமைக்கும் அவை ஒன்று. மக்களே வாக்களித்து அமைக்கும் அவை மற்றொன்று.

முதலாவதைத் தொடங்குவது எளிது. ஐ.நா. சாசனத்தின் 22ஆம் பிரிவு, தனக்குத் தேவையான துணை அமைப்புகளை உருவாக்கிக்கொள்ளப் பொதுச்சபைக்கு உரிமை தருகிறது. அங்கே வல்லரசுகளின் வீட்டோ செல்லாது. 2007இல் தொடங்கிய ஐ.நா. நாடாளுமன்ற அவைக்கான இயக்கமும் இவ்வழியையே காட்டுகிறது. சட்டமியற்றும் அதிகாரத்தோடு கூடிய அவை வேண்டுமென்றால் சாசனத்தையே திருத்த வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஏற்று, அவற்றுள் பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் இருந்தாலன்றி அத்திருத்தம் நடைமுறைக்கு வராது.

ஆயினும் எளிதாகப் பிறக்கும் அவைக்குள் யார் நுழைய முடியும் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. இன்றைய ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முன்னோடியான ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகத்தின் அவை 1952இல் 78 நியமன உறுப்பினர்களோடு கூடியபோது, இத்தாலியின் இரண்டாவது பெரிய கட்சியாக வளர்ந்துவிட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து ஒருவர்கூட அதற்கு அனுப்பப்படவில்லை. 1969 வரை அந்நிலை நீடித்தது. சுதந்திரமாகத் தேர்தல் நடக்கும் நாட்டிலேயே பெரும்பான்மையினர் இப்படி வாசலை அடைத்தார்கள் என்றால், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் கிடக்கும் நாடுகள் யாரை அனுப்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அவைக்கு நேரடித் தேர்தல் வந்தது 1979 ஜூனில். பிரிட்டனில் வியாழக்கிழமை வாக்களித்தார்கள், இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது நாடுகளிலும் தேர்தல் முறை ஒன்றுபோல இல்லை. ஆனாலும் 410 இடங்கள் நிரம்பின. ஒரே நாள், ஒரே முறை என்ற நிபந்தனை இல்லாமலும் எல்லை கடந்த தேர்தல் நடத்தலாம் என்பதற்கு அது சான்று.

இடப் பங்கீட்டுக்கும் விடை உண்டு. மக்கள்தொகையின் வர்க்கமூலத்தை அளவாகக் கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவரும் கணிதவியலாளருமான லயனல் பென்ரோஸ் 1946இலேயே எழுதினார். அக்கணக்கில் இந்தியாவின் எடை துவாலுவைப் போல 1,40,000 மடங்காக இராது. சுமார் 374 மடங்காகச் சுருங்கிவிடும். பெரிய நாட்டு மக்களும் எண்ணிக்கையில் கொள்ளப்படுவார்கள், சிறிய நாடும் கரைந்துபோகாது.

நியமன அவை காலப்போக்கில் தேர்தல் அவையாக மாறும் என்ற வாதத்தை முழுதாக நம்ப முடியவில்லை. 2004இல் தொடங்கிய, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்பந்தம் பொது வாக்குரிமையையும் முழுச் சட்டமியற்றும் அதிகாரத்தையும் இறுதி இலக்காகச் சொல்கிறது. ஆனால் எந்த ஆண்டுக்குள் என்று வரையறுக்கவில்லை. இன்றும் நாட்டுக்கு ஐவர் என்ற கணக்கில் பெரிய நைஜீரியாவும் சின்னஞ்சிறு செஷல்ஸும் சமமாக அமர, அவை ஆலோசனை மன்றமாகவே நிற்கிறது.

ஆகவே 22ஆம் பிரிவின் வழியை நான் ஆதரிப்பது இரண்டு நிபந்தனைகளோடுதான்: ஒவ்வொரு நாட்டின் குழுவிலும் எதிர்க்கட்சிக்கு இடம் கட்டாயமாக இருக்க வேண்டும், முதல் நேரடித் தேர்தல் நடக்கவேண்டிய ஆண்டு தொடக்கத் தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும்.