கியூஆர் குறியீடா, நூல் கட்டிய பேனாவா?

கொரோனா காலத்தில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் அரிசி வாங்கும் கடைவாசலில் இரண்டும் இருந்தன: சுவரில் மலேசிய அரசின் கொரோனா செயலியான மைசெஜாத்ராவின் கியூஆர் குறியீடு, மேசையில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு வருகைப் பதிவு நோட்டு. தொற்றின் தடம் தேடச் செயலிக்கு ஈடில்லை. இடமும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். நோட்டில் பாதி கிறுக்கல். எனக்கு முன்னால் நின்றவர், அடுத்தவர் தொலைபேசி எண்ணுக்குக் கீழே ‘மேற்படி’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக உள்ளே போனார்!

மலேசியாவின் சபா மாநிலத்து உட்பகுதியில் கதை வேறு. 2020இல் இணையத் தேர்வெழுத ஒரு மாணவி மரமேறிய மாநிலம் அது. செயலியை மட்டும் நம்பினால், சிக்னல் இல்லாத கம்பம் (கிராமம்) நோயே இல்லாத கம்பமாகத் தெரியும். அங்கே என் ஓட்டு நோட்டுக்குத்தான்.

2022 மே 1 முதல் வருகைப் பதிவு தேவையில்லை என்றானதும், எங்கள் கடைக்காரர் மீதிப் பக்கங்களில் கடன் கணக்கு எழுதத் தொடங்கினார்.