வயர் இழுக்குற சந்தோஷமும் பூட்டிக் கிடக்குற நாதஸ்வரமும்: லினக்ஸ்ல ஒன்றரை வருஷம்

நேத்து ராத்திரி நாகர்கோவில்ல இருந்து போன். கச்சேரிக்கு கீபோர்டு வாசிக்கிற நண்பன். "மக்கா, எனக்க லேப்டாப்புல விண்டோஸ் 11 ஏறாதுன்னு சர்வீஸ்காரன் சொல்லிட்டான், நீ லினக்ஸ்லதான பாட்டு பண்ணுத, நானும் அதுக்கே வந்திரட்டா?"ன்னு கேட்டான். யோசிக்காம "இப்ப வேண்டாம் மக்கா"ன்னு சொல்லிட்டேன். அவனுக்கு ஒண்ணும் புரியல, ஏன்னா போன ஒரு வருஷமா அவன்கிட்ட லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா சும்மாவே கிடைக்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம்) புராணம் பாடுனதே நான்தான். போன்ல சொல்லி முடிக்க முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் பாளையங்கோட்டை பக்கம். கோயில் கொடைக்கு, அதாவது எங்க பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு, சாமி பாட்டு பண்றேன், நடுவுல குறும்படத்துக்கு பின்னணி இசை. லேப்டாப் 2017ல வாங்கினது, ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், ரேம் மட்டும் 16 ஜிபி ஆக்கியிருக்கேன். விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையில இருந்துதான் அனுமதி, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நின்னுருச்சு. இது வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சதால 2024 ஆவணியிலயே உபுண்டு ஸ்டுடியோ 24.04 போட்டுட்டேன், பாட்டு வேலைக்குன்னே தயார் பண்ணின லினக்ஸ் அது. இன்ஸ்டால் பண்றது அரை மணி நேர வேலை, அதப்பத்தி எழுத ஒண்ணுமில்ல. மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற ஸ்கார்லெட் சோலோ பெட்டிய சொருகின உடனே மைக் வந்துருச்சு, டிரைவர் தேடவே இல்ல, யூஎஸ்பி ஆடியோவோட பொது விதிப்படி நடக்குற பெட்டிக்கெல்லாம் லினக்ஸோட உள்கருவான கெர்னல்லயே டிரைவர் இருக்கு.

மாறுறதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனமான வேலை, பழைய பாட்டு நாப்பத்தி மூணையும் டிராக் டிராக்கா வேவ் ஃபைலா எடுத்து வச்சது. நான் விண்டோஸ்ல பாட்டு பண்ணின எஃப்எல் ஸ்டுடியோவுக்கு லினக்ஸ் வெர்ஷன் கிடையாது, அந்த ப்ராஜெக்ட் ஃபைல வேற எதுலயும் ஒழுங்கா திறக்கவும் முடியாது. டெம்போவும் கட்டையும் (சுதி) ஃபைல் பேர்லயே எழுதி வச்சேன், இன்னிக்கு வரைக்கும் அது கை கொடுக்குது. முதல்ல ஆர்டர்னு (Ardour) ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல பழகிப் பார்த்தேன், ரெக்கார்டிங்குக்கு அருமை, ஆனா அதுல நோட் நோட்டா எழுதுறது எனக்கு கை வரல, அதே மாதிரி இன்னொண்ணான ரீப்பருக்குப் போயிட்டேன். ரீப்பர் லினக்ஸுக்கு நேராவே வருது, 60 நாள் சும்மா பயன்படுத்திப் பாக்கலாம், அப்புறம் என்ன மாதிரி சின்ன ஆளுங்களுக்கு 60 டாலர். கம்ப்யூட்டரே சத்தம் உண்டாக்குற சிந்த்துக்கு சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸெட் ரெண்டும் காசே இல்லாம, லினக்ஸுக்குன்னே வருது. இதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை முதல்ல வந்தது லேட்டன்சில, அதாவது தட்டினதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல ஆகுற தாமதத்துல. உடுக்கை சத்தத்த நானே ரெக்கார்டு பண்ணி, ஒவ்வொரு அடியா வெட்டி, கையால தட்டுற பேடுல ஏத்தி வச்சிருந்தேன். வில்லுப்பாட்டு குழுவுல உடுக்கை அடிக்கிற பெரியவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார், பேட அவர் முன்னாடி வச்சு தட்டிப் பாருங்கன்னேன். ரெண்டு தட்டு தட்டிட்டு கைய எடுத்துட்டார். "தம்பி, நான் அடிச்சதுக்கு அப்புறம்லா அது அடிக்கி"ன்னார். எனக்கு அதுவரைக்கும் அது காதுல விழவே இல்ல.

காரணம் எளிமையானதுதான். சத்தத்த கம்ப்யூட்டர் சொட்டு சொட்டா அனுப்பாது, குடம் குடமா நெரப்பி அனுப்பும். பைப்வயர்னு ஒண்ணுதான் இப்ப லினக்ஸ்ல சத்தம் எல்லாத்தையும் பாத்துக்குது, அதுல அந்தக் குடத்தோட அளவு 1024ல இருந்துது. ஒரு செகண்டுக்கு 48000 சாம்பிள்னா (சத்தத்தோட சின்னச் சின்னத் துணுக்கு) 1024 நெரம்ப 21 மில்லி செகண்ட் ஆகும், அது போக போற வழியில வேற கொஞ்சம். டெர்மினல்ல ஒரே வரி, குடத்தோட அளவ (குவாண்டம்னு பேரு) 128னு மாத்தினேன், 21 இருந்தது 2.7 ஆச்சு. பெரியவர் மறுபடி தட்டினார், கண்ண மூடிக்கிட்டு தாளத்த முடிக்கிற ஒரு முழு தீர்மானம் வச்சு முடிச்சார், "இப்ப கைக்குள்ள நிக்கி"ன்னார். 64க்கு இறக்கினா என் மெஷின் திணறி டிக் டிக்னு சத்தம் விழுது, அடுத்த குடம் நெரம்புறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருது, அதனால 128லயே நிறுத்திட்டேன். இந்த நேரம் தவறாம ஓடுற வேலைக்குன்னு ரியல் டைம் பேட்ச்னு ஒண்ண சுமார் 20 வருஷமா தனியா வச்சு ஒட்டிக்கிட்டு இருந்தாங்க, 2024 நவம்பர்ல வந்த 6.12 கெர்னல்லதான் அது உள்ளயே சேந்துச்சு. நான் உபுண்டு ஸ்டுடியோவோட வந்த கெர்னல்லயே ஓட்டுறேன், என் வேலைக்கு போதும்.

இப்ப எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன், இது ஒண்ணுக்காகவே நான் திரும்பிப் போகல. க்யூபிடபிள்யூகிராஃப்னு ஒரு சின்ன புரோகிராம். திறந்தா ஒரு காலி பலகை, அதுல மெஷின்ல ஓடுற ஒவ்வொண்ணும் ஒரு பெட்டியா நிக்கும், மைக் ஒரு பெட்டி, ரீப்பர் ஒரு பெட்டி, ஃபயர்ஃபாக்ஸ் ஒரு பெட்டி, ஸ்பீக்கர் ஒரு பெட்டி. எதுல இருந்து எதுக்கு வேணும்னாலும் மௌஸால வயர் இழுத்து விடலாம். அவ்வளவுதான். மேடையில மிக்ஸர் பின்னாடி வயர் சொருகின பழக்கம் இருக்கிறவனுக்கு இத யாரும் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

ஒரு உதாரணம் சொல்றேன். போன வருஷம் முத்தாரம்மன் கோயில் கொடைக்கு ஒரு பாட்டு. கமிட்டி அண்ணாச்சி சென்னையில கடை வச்சிருக்கார், கடைய விட்டு வர முடியாது. முன்னாடியெல்லாம் எம்பி3 அனுப்புவேன், அவர் ராத்திரி கடை அடைச்சிட்டு கேட்டு "அந்த ரெண்டாவது இடத்துல கொஞ்சம் கூட்டணும்பா"ன்னு வாய்ஸ் நோட் போடுவார், ரெண்டாவது இடம் எதுன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் போயிரும். இந்தத் தடவை வீடியோ கால்ல கூப்பிட்டேன், ரீப்பர் பெட்டியில இருந்து ஃபயர்ஃபாக்ஸோட மைக்குக்கு ரெண்டு வயர் இழுத்தேன், என் மைக்க இன்னொரு வயரா அதுலயே சேத்தேன். பாட்டு ஓட ஓட அவர் அங்க இருந்து "நிறுத்து நிறுத்து, இந்த இடம்தான், இங்க மகுடம் முன்னால வரட்டும்"ங்கிறார், நான் இங்க மகுடத்த (கொடையில அடிக்கிற தோல்பறை) ஏத்துறேன், அவர் காதுல அப்பவே விழுது. முதல்ல மகுடத்தோட அடிச்சத்தம் அமுங்கி அமுங்கிப் போச்சு, பார்த்தா வீடியோ கால் ஆப் அத இரைச்சல்னு நினைச்சு வெட்டுது, சத்தத்த சுத்தம் பண்ற ஆப்ஷன அணைச்சதும் சரியாயிருச்சு. நாலு நாள்ல முடியுற திருத்தம் முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது. கடைசில அண்ணாச்சி கல்லாவுல உக்காந்துக்கிட்டே தாளம் போட்டத நான் பாத்தேன்.

விண்டோஸ்ல இத செய்யவே முடியாதுன்னு சொல்லல, வர்ச்சுவல் கேபிள்னு தனியா சாஃப்ட்வேர் போட்டு செய்றவங்க இருக்காங்க. ஆனா என் பழைய செட்டப்ல சத்தம் தாமதமில்லாம வர்றதுக்குப் போடுற ஆசியோ டிரைவர் பெட்டிய பிடிச்சுக்கிட்டா பிரௌசர்ல சத்தமே வராது, ஒண்ண மூடிட்டுத்தான் இன்னொண்ணு. இங்க எல்லாம் ஒரே பலகையில நிக்குது. ஒரே தொந்தரவு, பிரௌசர்ல சத்தம் நின்னா அந்தப் பெட்டி மறைஞ்சு வயரும் போயிரும். வயர் போட்ட நிலைய சேமிச்சு வச்சு ஆக்டிவேட் பண்ணிட்டா, பெட்டி திரும்பி வந்ததும் அதுவே இழுத்துக்குது. இத தெரிஞ்சுக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு, நீங்க முதல் நாளே பண்ணிருங்க.

இந்த வயர் யோசனைய ஜாக்னு ஒரு சாஃப்ட்வேர் மூலமா ரொம்ப வருஷம் முன்னாடியே கொண்டு வந்தவர் பால் டேவிஸ், ஆர்டர எழுதினவரும் அவர்தான். அத சாதாரண டெஸ்க்டாப் சத்தத்தோட சேத்து வச்சது விம் டேமன்ஸ் ஆரம்பிச்ச பைப்வயர், அதோட 1.0 வந்ததே 2023 நவம்பர்லதான். நான் வந்த நேரம் நல்ல நேரம், அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் தனித்தனியா கட்டி மேய்ச்சிருக்கணும்.

சரி, அப்புறம் ஏன் நண்பன வேண்டாம்னேன்?

என்கிட்ட ஒரு நாதஸ்வர லைப்ரரி இருக்கு, நிஜ நாதஸ்வரத்த நோட் நோட்டா ரெக்கார்டு பண்ணி கீபோர்டுல வாசிக்கிற மாதிரி விக்கிறது. கம்பெனி பேர் வேண்டாம். பதினாறாயிரம் ரூபா, மூணு பாட்டுக்கு வந்த காச சேத்து வச்சு வாங்கினது. கமகம் ஓரளவுக்கு ஒழுங்கா வர்ற லைப்ரரி, நையாண்டி மேளத்துக்கு அது இல்லாம எனக்கு ஓடாது. அது விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான். விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட்டுற வைன் போட்டு, அதுக்கு மேல யாபிரிட்ஜ்னு ஒரு பாலம் போட்டா விண்டோஸ் பிளகின் ரீப்பருக்குள்ள லினக்ஸ் பிளகின் மாதிரியே திறக்கும், நிஜமாவே திறக்கும், முதல் தடவ அந்த நாதஸ்வரம் இங்க ஊதினப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. 2024 நவம்பர்ல வைன் 9.22 வந்துச்சு, அப்டேட் பண்ணதும் மௌஸ் ஒரு இடத்துல நிக்குது, கிளிக் வேற இடத்துல விழுது. ரெண்டு ராத்திரி போச்சு, 9.21க்கு திரும்பிப் போய் இனிமே அப்டேட் ஆகாதபடி அத பூட்டி வச்சேன். இதுக்கு எனக்கு கோவமே இல்ல. காசு வாங்காம எழுதிக் கொடுக்கிறவங்க, எங்க பிரச்சனைன்னு தேட ஆரம்பிச்சிட்டாங்க.

கோவம் போன வாரம் நடந்ததுக்கு. அந்த லைப்ரரியோட லைசன்ஸ பாத்துக்கிற ஆப் தன்னால புதுசாச்சு, புதுசானது வைன்ல திறக்கவே மாட்டேங்குது. அது திறக்காம லைப்ரரி ஊதாது. பங்குனிக் கொடைக்கு ஒம்பது நாள் இருக்கு. கம்பெனிக்கு மெயில் போட்டேன், லினக்ஸுக்கு சப்போர்ட் இல்லன்னு ரெண்டு வரி பதில். நான் திருடி வச்சிருக்கல, பில் இருக்கு, சீரியல் நம்பர் இருக்கு, என் காசுக்கு வாங்கின நாதஸ்வரம் என் டிஸ்க்லயே கிடக்கு, நான் ஊத முடியாது. கடைசில அத்தான் ஆபீஸ் லேப்டாப்ப ராத்திரி வாங்கிட்டு வந்து, அதுல லைப்ரரிய ஏத்தி, நாதஸ்வரம் வர்ற இடத்த மட்டும் வேவா எடுத்து, பென்டிரைவ்ல கொண்டாந்து ரீப்பர்ல போட்டேன். அதுக்கப்புறம் கமிட்டியில ஒரு சங்கதி மாத்தச் சொன்னாங்க. மறுபடி அத்தான் வீடு.

இதுல லினக்ஸ் மேல ஒரு தப்பும் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். பூட்டு போட்டது வேற ஆளு. ஆனா கொடை நாள் தள்ளிப் போகாது, தப்பு யாருதுன்னு அம்மன் கோயில் வாசல்ல நின்னு விளக்கிக்கிட்டு இருக்கவும் முடியாது.

நண்பன் வாசிக்கிறது பூரா இந்த மாதிரி பூட்டு போட்ட லைப்ரரிங்க மேலதான் நிக்குது, வைகாசி முழுக்க அவனுக்கு கல்யாணக் கச்சேரி. என்ன மாதிரி உடுக்கையும் மகுடமும் தானே ரெக்கார்டு பண்றவனா இருந்தா இன்னிக்கே மாறுன்னு சொல்லியிருப்பேன். ஞாயித்துக்கிழமை கீபோர்ட தூக்கிட்டு பாளையங்கோட்டைக்கு வர்றான். பென்டிரைவ்லயே உபுண்டு ஸ்டுடியோவ ஓட விட்டு அவன் கீபோர்டும் மத்த பெட்டியும் தெரியுதான்னு பாத்துரலாம். வரும்போது அவன்கிட்ட இருக்கிற லைப்ரரி எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி, எது எதுக்கு பூட்டு இருக்குன்னு பக்கத்துல குறிச்சு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.