செங்கோட்டையிலிருந்து ஹேக்: அபிஷேகப்பட்டியா, சென்னையா, கால்வேயா?

அக்கா மகள் இந்த வருஷம் பி.எல். முடிக்கிறாள். போன ஞாயிறு எங்கள் செங்கோட்டை வீட்டுத் திண்ணையில் மூன்று பாடத்திட்டங்களை பிரிண்ட் எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு, "சித்தி, இனப்படுகொலை, போர்க்குற்றம் இதையெல்லாம் விசாரிக்கிற சட்டம்தான் எனக்கு வேணும், எங்க சேரட்டும்?" என்றாள். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், இதே யோசனையில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள்.

முதலில் அபிஷேகப்பட்டி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் (கிரிமினாலஜி) எம்.ஏ. தென்காசி ரோட்டிலேயே இருக்கிறது, வீட்டில் சாப்பிட்டுவிட்டு திருநெல்வேலி பஸ் ஏறினால் போதும். சட்டம் படிக்காதவர்களுக்கு இதுதான் வாசல். நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கிற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்களும் தங்கள் தரப்பைச் சொல்லலாம், அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கையான 1998 ரோம் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் அங்கே கட்டாயம் வேண்டும். ஆனால் வழக்காட ஆசைப்படுகிறவளுக்கு இது மட்டும் பத்தாது.

அடுத்தது சென்னை, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சர்வதேசச் சட்ட எல்.எல்.எம்., அதாவது சட்ட மேற்படிப்பு, இரண்டு வருஷம். இதில் குற்றவியல் நீதி ஒரு பகுதிதான், உடன்படிக்கை, கடல் எல்லை, மனித உரிமை என்று மீதி எல்லாம் சேர்ந்தே வரும். அவளுக்கு அது குறையாகப் பட்டது, எனக்கு அதுதான் பலம். தமிழ்நாடு-கேரள எல்லையான கோட்டைவாசலில் ஒரு அடிதடி நடந்தால் புளியரை ஸ்டேஷனா, தென்மலை ஸ்டேஷனா என்று முதலில் கேட்போம் இல்லையா? மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்களின் வழக்கிலும் அதே கேள்விதான் வந்தது. மியான்மர் ஹேக் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, வங்கதேசம் உறுப்பினர். மக்களை நாட்டைவிட்டுத் துரத்துகிற குற்றம் அவர்கள் எல்லையைத் தாண்டும்போதுதான் முழுமையாகிறது, அதனால் அதில் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் நடந்திருக்கிறது, விசாரிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் நீதிபதிகள் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பைப் பிரித்துப் படிக்க உடன்படிக்கைச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தியா ரோம் சட்டத்தில் சேரவில்லை. இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கையை 1959-லேயே ஏற்றுக்கொண்டும் அதற்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் இன்னும் வரவில்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில், 2018 டிசம்பர் தீர்ப்பிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. அதை அடைக்கப் போகிறவர்கள் இங்கே இருந்து படித்தவர்களாக இருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

மூன்றாவது கால்வே பல்கலைக்கழகம், அயர்லாந்து. சர்வதேசக் குற்றவியல் சட்டத்துக்கென்றே தனி எல்.எல்.எம்., ஒரே வருஷம். பாடத்தின் ஆழத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. கால்வேக்குப் பதிலாக நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் என்றால், ஹேக்குக்கு ரயிலில் கொஞ்ச தூரம்தான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே கட்டணம் அதிகம். எங்கே போனாலும் கடன்தான், அப்பா பெயரில் இருக்கிற ஒரே வயலை வைத்து வாங்குகிற கடன். பி.எல். முடித்த கையோடு அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"ஹேக் போகாம இத படிச்சு என்ன பிரயோஜனம், சித்தி?" என்று முகம் வாடினாள். நவி பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பஸ் டிரைவர் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், 1967-ல் நிறவெறி ஆட்சிக்குள்ளேயே சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தவர், ஹார்வர்டில் எல்.எல்.எம். முடித்தது 1982-ல். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம் அகாயேசு என்பவரின் வழக்கில் 1998-ல் கொடுத்த தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாக இருக்க முடியும் என்று சொன்னது. அதை எழுதிய மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர். ஊரில் வழக்கு நடத்திய அந்த வருஷங்கள் அவருக்கு வீண் போகவில்லை.

அதனால் என் கணக்கு இதுதான்: சென்னை இரண்டு வருஷம், கூடவே பிரெஞ்சு, ஏனென்றால் ஹேக் நீதிமன்றத்தின் வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். அப்புறம் கொஞ்சம் கோர்ட் அனுபவம், உதவித்தொகை கிடைத்தால் கால்வே. அவள் இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. கால்வே பாடத்திட்டத்தை மட்டும் மடித்துப் பையில் எடுத்துக்கொண்டு போனாள்.