கேள்வி கேட்க ஜிட்சி, வேடிக்கை பார்க்க யூடியூப்

மதுரையில் அரங்கில் முப்பது பேர். தேனியிலும் மேலூரிலும் இணையம் வழியாகச் சேர்பவர்கள் பத்துப் பேர். தொழில்நுட்பக் கூட்டத்தில் அந்தப் பத்துப் பேரும் "அந்த மூணாவது வரியைத் திரும்பக் காட்டுங்க" என்று இடையில் கேட்டாக வேண்டும். அதனால் கூட்டத்தை இணையத்தில் காட்ட எதை எடுப்பது என்பதில் முதலில் பார்க்க வேண்டியது தாமதம், அதாவது இங்கே பேசுவது அங்கே போய்ச் சேர ஆகும் நேரம்.

ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருள் வழியாக யூடியூப் நேரலை விட்டால் படம் தெளிவு, எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். ஆனால் குறைந்த தாமதத்தில் வைத்தாலும் சில நொடி பிந்தும். கேள்வி வந்து சேர்வதற்குள் பேசுபவர் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பார். 720பி படம் 2,500 கேபிபிஎஸ் (நொடிக்கு 2,500 கிலோபிட்) வேகத்தில் போனால் மணிக்கு 1.1 ஜிபி தீரும். புதுக் கணக்கில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும் என்பதால் முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

ஐஸ்காஸ்ட் இணைய வானொலி நடத்தும் மென்பொருள், பெரும்பாலும் ஒலிக்குத்தான். 32 கேபிபிஎஸ்ஸில் மணிக்கு 15 எம்பிகூட ஆகாது. சிக்னல் மெலிந்த ஊர்களுக்கு நல்லது. ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும்.

பேச்சுக்குப் பேச்சு வேண்டுமென்றால் ஜிட்சி என்ற வீடியோ கூட்ட மென்பொருள்தான் எங்கள் தேர்வு. உலாவி போதும், தாமதம் தெரியாது. ஜிட்சியின் பொதுத் தளத்தில் 2023 முதல் அறை திறப்பவர் கணக்கு வைத்து உள்நுழைய வேண்டும். சொந்த சர்வர் என்றால் ஒலியும் படமும் போகும் வழியான யுடிபி 10000 போர்ட்டை ஃபயர்வாலில் திறந்து வையுங்கள். அது மூடியிருந்தால் இருவர் பேசும்வரை எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் நேரடியாக இணைகிறார்கள். மூன்றாமவர் நுழைந்ததும் எல்லோருக்கும் ஒலியும் படமும் போய்விடும். இருவரை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தக் கோளாறு பிடிபடாது.

பிக்ப்ளூபட்டன் என்ற இணைய வகுப்பு மென்பொருளில் கரும்பலகையும் பதிவும் அருமை. ஆனால் சர்வரில் 8 கோர் செயலி, 16 ஜிபி நினைவகம் கேட்கும். வாராவாரம் நடத்தும் கல்லூரிக்குத்தான் கட்டுப்படியாகும். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும்.

எதை எடுத்தாலும் கெடுப்பது ஒலிதான். அரங்கின் மைக்குகளைச் சேர்க்கும் மிக்சரில், எல்லா ஒலியும் கலந்து வரும் மெயின் அவுட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தால், தேனிக்காரர் குரல் அவருக்கே எதிரொலிக்கும். எந்த ஒலி போக வேண்டும் என்று தனியே தேர்ந்தெடுக்கும் ஆக்ஸ் அவுட்டிலிருந்து கொடுங்கள். லேப்டாப்பின் ஒலி மிக்சருக்கு வரும் சேனலில் ஆக்ஸ் குமிழைச் சுழியத்தில் வையுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் நேரே செருகினால் ஒலி கரகரக்கும், யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகச் செருகுங்கள். "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

இணையம் தரும் ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் மாட்டுங்கள். கரண்ட் ஒரு கண நேரம் போனாலும் பெட்டி மறுபடி எழுந்து இணைய நிமிடங்கள் ஆகும்.